அட்டவணை இடம் மாறும்போது வடிவம் காத்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில், போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டப் பகுதி அமைந்துள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரத்துக்குக் கேரளப் பக்கமிருந்து நடந்து செல்வோர் இங்கிருந்தே புறப்படுகின்றனர். அம்மலையில் 1855-ஆம் ஆண்டில் ஒரு காந்த ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பெற்றது என்பதை இன்று பலரும் அறியார்.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாராய்ச்சிக் கூடத்தைத் தோற்றுவித்தார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் ஆவார். அவருக்குப்பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, காந்த ஊசியின் திசை சமவெளியிலும் உயர்ந்த மலையிலும் எவ்வாறு மாறுபடுகின்றது என்பதை ஒப்பிட்டறிய விரும்பினார். அதற்காகவே அகத்தியமலையில் கூடம் எழுப்பப்பட்டது. 1852 முதல் 1869 வரை இவ்விரு இடங்களிலும் எடுக்கப்பட்ட காந்த விலக்க அளவைகள் 1874-இல் லண்டனில் நூலாக அச்சேறின.

மலையில் எழுதப்பட்ட ஓர் எண், அடிவாரத்தை அடைந்து, கடல் கடந்து, அச்சுப்பக்கத்தில் அமர்வதற்குள் ஒரு முறைக்கு மேல் படியெடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணோடு அதன் தலைப்பு, நாழிகை, அலகு, குறி ஆகியவையும் உடன் சென்றமையாலேயே அது இன்றும் அளவையாக விளங்குகின்றது. இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் எஞ்சியிருப்பது பொருளற்ற இலக்கமே.

இன்று நம் அட்டவணைகள் கணிப்பொறியில் விரிதாள்களாக உள்ளன. ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்கு ஒரு தாளைப் படியெடுப்பது சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. எனினும் பிரௌன் காலத்துப் படியெடுப்போர் கொண்டிருக்க வேண்டிய கவனம் இன்றும் தேவைப்படுகின்றது. அதன் காரணத்தையும் முறையையும் இக்கட்டுரை விளக்கும்.

வடிவம் வெறும் அணியன்று

போனக்காட்டில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஒருவர் மழையளவைக் குறித்து வருகின்றார் எனக் கொள்வோம். மழை பெய்யாத நாளில் 0.0 என்று எழுதுகின்றார். அளவெடுக்க இயலாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சாம்பல் நிறம் பூசுகின்றார். மானியில் இலை விழுந்து ஐயத்துக்கிடமான அளவைச் சிவப்பெழுத்தில் இடுகின்றார். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டின்படி 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை எனவும், 115.6 முதல் மிகக் கனமழை எனவும், 204.4-ஐக் கடந்தால் அதிகனமழை எனவும் வழங்கப்படும். இவ்வெல்லைகளைத் தாண்டும் கட்டங்கள் தாமாகவே நிறம் மாறுமாறு அவர் நிபந்தனை அமைத்திருக்கின்றார்.

இத்தாளிலிருந்து எண்களை மட்டும் மற்றொரு கோப்புக்கு எடுத்துச் சென்றால் நேர்வது யாது? சாம்பல் நிறம் மறைகின்றது. வெறுங்கட்டத்தைக் காண்போர் அன்று மழையில்லை என்று கருதுவர். சிவப்பு மறைகின்றது, ஐயத்துக்குரிய அளவு உறுதியான அளவாகிவிடுகின்றது. மாதச் சராசரி பிழைபடுகின்றது. அணை நீரையோ மண்சரிவையோ பற்றி முடிவெடுப்பவர் அப்பிழையின்மீதே தம் முடிவை எழுப்புகின்றார். ஓர் இலக்கமும் மாறவில்லை. ஆயினும் உண்மை மாறிவிட்டது.

விரிதாளின் அடுக்குகள்

விரிதாளின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செய்திகள் உள. ஒன்று, உள்ளே சேமிக்கப்பட்ட மதிப்பு. மற்றது, அதனைக் கண்ணுக்குக் காட்டும் வடிவம். மூன்று மானிகள் 64.4, 64.4, 64.6 எனக் காட்டினால் சராசரி 64.466 என்று முடிவின்றி நீளும். ஒரு தசம இடம் மட்டும் காட்டுமாறு கட்டத்தை அமைத்திருப்பின் அது 64.5 என்று தோன்றும். ஆனால் கனமழைக்குரிய நிறம் எரியாது. கணிப்பொறி ஒப்பிட்டது சேமித்த மதிப்பையேயன்றித் தோற்றத்தை அன்று. காட்சியும் மதிப்பும் ஒன்றாதல் வேண்டுமெனில் 'ரவுண்ட்' என்னும் சார்பினால் மதிப்பையே முழுமைப்படுத்துதல் வேண்டும்.

கட்டத்துக்கு மேல் நிரை, நிரல் என்பவற்றின் அடுக்கு உள்ளது. நிரலின் அகலமும் நிரையின் உயரமும் எந்தத் தனிக் கட்டத்துக்கும் உரியன அல்ல. அதற்கும் மேலே தாள். அச்சிடும் விளிம்பு, தலைக்குறிப்பு, உறைய வைத்த தலைப்பு வரி முதலியன தாளைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் மேலே கோப்பு. வண்ணத் திட்டம், இயல்பெழுத்து, தேதி எண்ணும் முறை ஆகியவை கோப்புக்கு உரியவை. ஓர் அடுக்கிலுள்ளதை மட்டும் எடுத்துச் சென்றால் மேலடுக்குகளில் உள்ளவை உடன்வாரா. படியெடுத்தலில் நேரும் இழப்புகளுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

இழப்பு நேரும் இடங்கள்

முதலாவது, அகலம். சில கட்டங்களை மட்டும் தெரிந்தெடுத்து ஒட்டினால் நிறமும் கோடும் வந்துசேரும். நிரலின் அகலம் வாராது. அகலம் போதாத கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக வேலிக்குறிகளின் வரிசை தோன்றும். மதிப்பு அழிந்துவிடவில்லை, அகலத்தைக் கூட்டினால் மீண்டும் தெரியும்.

இரண்டாவது, வண்ணம். எக்செல் கோப்பில் ஒரு கட்டத்தின் நிறம், 'இக்கோப்பின் திட்டத்தில் ஐந்தாம் வண்ணம்' என்பதுபோல் குறிக்கப்பட்டிருக்கலாம். வேறு திட்டமுடைய கோப்பில் ஐந்தாம் வண்ணம் வேறாதலால் நிறம் மாறிவிடும்.

மூன்றாவது, இணைப்பு. தாளிலுள்ள வாய்பாடு பழைய கோப்பின் வேறொரு தாளைச் சுட்டியிருந்தால், படியெடுத்த பின்பும் அது பழைய கோப்பையே சுட்டும். பழைய கோப்பு இல்லாத கணிப்பொறியில் அவ்வெண் புதுப்பிக்கப்படாமல் உறைந்து நிற்கும்.

நான்காவது, தேதி. விரிதாள் தேதியை ஒரு நாளெண்ணாகச் சேமிக்கின்றது. சில கோப்புகள் 1900-ஆம் ஆண்டிலிருந்தும், பழைய மக்கின்டோஷ் கணிப்பொறிகளில் உருவான கோப்புகள் பெரும்பாலும் 1904-ஆம் ஆண்டிலிருந்தும் எண்ணத் தொடங்குகின்றன. இவ்விரு முறைகளுக்கும் இடையே 1,462 நாள் வேறுபாடு உண்டு. 1904 முறையிலுள்ள கோப்பில் 2018 ஜூன் 1 என்றிருக்கும் நாள், 1900 முறையிலுள்ள கோப்பில் ஒட்டப்பட்டதும் 2014 மே 31 என்று தோன்றக்கூடும். பருவமழையின் முதல் நாள் நான்காண்டுகளுக்கு முந்தைய கோடையின் இறுதி நாளாகிவிடும்.

ஐந்தாவது, தமிழெழுத்து. ஒருங்குறி பரவுவதற்கு முன் உருவான பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் இன்றும் அலுவலகங்களில் உள்ளன. இவற்றில் தமிழ் என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டுமே; உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. வடிவத்தை விட்டு மதிப்பை மட்டும் ஒட்டினால் ஊர்ப்பெயர்களெல்லாம் படிக்கவொண்ணாக் குறிகளாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் 'டேஸ்-16' என்னும் குறிமுறையையும் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே படியெடுத்தல் நன்று.

உலகம் கற்ற பாடங்கள்

இத்தகைய பிழைகள் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்1' என்னும் சுருக்கப் பெயர்கள் வழங்கிவந்தன. எக்செல் இவற்றைத் தேதிகளெனக் கருதி மார்ச் முதல் நாள், செப்டம்பர் முதல் நாள் என்று மாற்றிவிட்டது. 2004-ஆம் ஆண்டிலேயே இது சுட்டிக்காட்டப்பட்டது. ஆயினும் மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்பிழையைத் தாங்கியிருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இறுதியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. இத்தானியங்கி மாற்றத்தைப் பயனாளரே நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் 2023-இல் வந்தது.

இங்கிலாந்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 நோயாளரின் பதிவுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய வகை எக்செல் கோப்பு ஒரு தாளில் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது; புதிய வகையோ 10,48,576 நிரைகளைக் கொள்ளும். பெரிய பட்டியலைச் சிறிய கலத்தில் ஊற்றியபோது எஞ்சியது வழிந்துபோயிற்று. அந்நோயாளருடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமடைந்தது.

படியெடுக்கும் முறை

களப்பணியாளர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. கட்டங்களைத் துண்டு துண்டாக ஒட்டாமல் தாளை முழுதாகப் படியெடுக்க. எக்செல்லில் இரு கோப்புகளையும் திறந்து வைத்து, தாளின் பெயர்ப்பட்டியில் வலச்சொடுக்கி, 'மூவ் ஆர் காப்பி' என்பதைத் தேர்ந்து, சேரவேண்டிய கோப்பைக் குறிப்பிடுக. 'கிரியேட் எ காப்பி' என்னும் பெட்டியில் குறியிட மறவற்க. மறந்தால் தாள் மூலக்கோப்பை விட்டே நீங்கிவிடும். லிப்ரே ஆபீஸிலும் இத்தகைய கட்டளை உண்டு. கூகுள் விரிதாளில் பெயர்ப்பட்டியின் பட்டியலில் 'காப்பி டு' என்பதைக் காண்க.

2. ஒன்றையொன்று சுட்டும் தாள்களை ஒருங்கே எடுத்துச் செல்க. கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு பெயர்ப்பட்டிகளைத் தெரிந்தெடுத்தால் அவை ஒரு குழுவாகும். குழுவுக்குள் உள்ள சுட்டுகள் புதிய கோப்புக்குள்ளேயே அமையும்.

3. மூலக்கோப்பின் வண்ணத் திட்டத்தை 'சேவ் கரண்ட் தீம்' வழியாகச் சேமித்துப் புதிய கோப்பிலும் பொருத்துக. புதிய கோப்பின் மற்றத் தாள்களும் இதனால் நிறம் மாறும் என்பதை நினைவிற் கொள்க.

4. ஒரு பகுதியை மட்டும் எடுப்பது தவிர்க்க முடியாததாயின், முதலில் சாதாரணமாக ஒட்டி, பின்னர் 'பேஸ்ட் ஸ்பெஷல்' பட்டியலில் உள்ள 'காலம் விட்த்ஸ்' கட்டளையால் அகலத்தையும் ஒட்டுக.

5. தேதிகள் நான்காண்டு பின்சென்றிருப்பின், 1462 என்னும் எண்ணை ஒரு வெற்றுக் கட்டத்தில் எழுதிப் படியெடுத்து, தேதிகளின்மீது 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகக் கூட்டுக.

6. 0471 போன்ற தொலைபேசிக் குறியீட்டெண்களையும் நிலைய எண்களையும் எழுதுமுன் அந்நிரலை 'டெக்ஸ்ட்' என அமைத்திடுக. இன்றேல் முதற் சுழியம் மறைந்துவிடும்.

7. 'சி.எஸ்.வி.' வகைக் கோப்பு மதிப்புகளை மட்டுமே தாங்கும். நிறம், அகலம், எழுத்துரு, வாய்பாடு ஆகியவற்றுள் எதுவும் அதிற் செல்லாது. வடிவம் வேண்டுமிடத்து அதனைப் பயன்படுத்தற்க.

8. முடிவில் சரிபார்க்க. மூலத்திலும் படியிலும் நிரைகளின் எண்ணிக்கை, ஒரு நிரலின் கூட்டுத்தொகை, முதல் தேதி, இறுதித் தேதி ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் உறுதியான காப்பு ஒன்றுண்டு. நிறத்தால் மட்டும் உணர்த்தப்படும் செய்தியைச் சொல்லாலும் எழுதிவைப்பதே அது. சாம்பல் நிறத்துக்குப் பக்கத்து நிரலில் 'அளவெடுக்கவில்லை' என்றும், சிவப்பெழுத்துக்கு எதிரே 'ஐயம். மானியில் இலை' என்றும், தலைப்பில் 'மழை, மில்லிமீட்டரில்' என்றும் எழுதப்பட்டிருந்தால், நிறம் முற்றும் அழிந்தாலும் பொருள் அழியாது.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய சோதனையால் மாணவர்க்கு விளக்கலாம். ஒரு வாரத்து மழைக்கணக்கை நிறக்குறிகளுடன் ஒரு தாளில் அமைக்கச் செய்க. ஒரு குழுவினர் தாளை முழுதாகவும், மற்றொரு குழுவினர் மதிப்புகளை மட்டும் ஒட்டியும், மூன்றாம் குழுவினர் சி.எஸ்.வி. வழியாகவும் புதிய கோப்புக்குக் கொண்டு செல்லட்டும். பின்னர் மூலத்தைக் காணாத ஒரு மாணவரிடம் மூன்று படிகளையும் தந்து, 'எந்த நாளில் மழையில்லை? எந்த நாளில் அளவெடுக்கவில்லை?' என்று வினவுக. வடிவம் இழந்த படிகளில் விடை தெளிவின்றிப் போவதைக் காணும் மாணவர், அட்டவணையின் வடிவமும் அளவையின் ஒரு கூறே என்பதைத் தாமே உணர்வர்.

அளவெடுத்தவர் எப்பொழுதும் அட்டவணையின் அருகில் நின்று விளக்கம் கூற இயலாது. பிரௌன் 1865-இல் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார். அவர் தொடங்கிய பணியின் அளவைகளை அச்சிட்ட ஏடுகளே இன்றும் எடுத்துரைக்கின்றன. நாம் இன்று நிரப்பும் தாள்களையும் நாம் அறியாத ஒருவர், நாம் அறியாத ஒரு கோப்பில் திறந்து பார்ப்பார். நாம் கண்டதையே அவரும் காணுமாறு அனுப்புதல் நம் கடமையாகும்.