ஸ்டிக்கர் வெட்டும் கோடும் சம இடைவெளியும்

நம் வணிக அன்பர்களில் பலர் இன்று பருப்பு, மிளகாய்த்தூள், சுக்கு, பெருங்காயம் எனச் சொந்த மார்க்கில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கரைச் சதுரமாக வெட்டாமல், மார்க்கின் உருவத்திலேயே வெட்டி வாங்குபவர்களும் உண்டு. இதற்கு உருவத்தைச் சுற்றி ஒரே அளவு வெள்ளை இடம் விட்டு, வெட்டுவதற்கு ஒரு கோடு போடவேண்டும். கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் பணம் வீணாவதும் இங்கேதான்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர் குத்துவிளக்கு உருவத்தில் ஸ்டிக்கர் அடித்தார். டிசைன் செய்தவர் விளக்குப் படத்தைப் பிரதி எடுத்து, அதைப் பத்து சதவீதம் பெரிதாக்கி, பின்னால் வைத்து அதையே வெட்டும் கோடாகக் கொடுத்துவிட்டார். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பிரதி என்பதால் திரையில் குற்றம் தெரியவில்லை. வெட்டி வந்த பிறகு பார்த்தால் விளக்கின் தண்டு ஒரு பக்கம் அரிந்து போயிருந்தது. அச்சகத்தார் டிசைனரைச் சொன்னார், டிசைனர் அச்சகத்தாரைச் சொன்னார். பணம் கொடுத்தவர் கடைக்காரர்.

பெரிதாக்குவது வேறு, சம இடைவெளி விடுவது வேறு. கணக்குப் போட்டால் விளங்கும். விளக்கு 60 மி.மீ. உயரம், பாதம் 30 மி.மீ. அகலம், தண்டு 4 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் பெரிதாக்கினால் மேலும் கீழும் 3 மி.மீ. கிடைக்கும். பாதத்தின் இரு புறமும் 1.5 மி.மீ. கிடைக்கும். தண்டின் இரு புறமும் கிடைப்பது வெறும் 0.2 மி.மீ.தான். வெட்டும் டை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தண்டு போய்விடும். பாதத்தின் மேல்விளிம்பிலோ கோடு வெளியே போவதற்குப் பதில் படத்துக்குள்ளேயே இறங்கிவிடும். வட்டம், சதுரம் போன்ற சில உருவங்களுக்கு மட்டுமே பெரிதாக்கும் வழி சரிவரும். 100க்கு 40 மி.மீ. நீள்சதுரத்தில்கூடப் பக்கங்களில் 5, மேலும் கீழும் 2 என்று ஏறுமாறாகும்.

சரியான வழி எல்லா வெக்டர் மென்பொருளிலும் இருக்கிறது. வெக்டர் என்றால் படத்தைப் புள்ளிகளாக வைக்காமல் கோடுகளாக வைத்திருப்பது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் அதிகம் புழங்கும் கோரல் டிராவில் இதற்குக் கான்டூர் என்று பெயர். முதலில் விளக்கின் பாகங்களையெல்லாம் வெல்ட் செய்து ஒரே உருவமாக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பாகத்தைச் சுற்றியும் தனித்தனிக் கோடு விழும். பிறகு கான்டூரில் வெளிப்பக்கம், ஒரே படி, தூரம் 2 மி.மீ. என்று கொடுத்தால் விளிம்பின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் 2 மி.மீ. தள்ளிக் கோடு வரும். அதைப் பிரேக் அபார்ட் செய்து, வெட்டும் கோடாகத் தனி லேயரில் வைக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் இதுவே ஆப்செட் பாத். (ஆப்செட் அச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் ஒன்று.) இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது, அதிலும் பாத் எபெக்ட்ஸ் பகுதியில் ஆப்செட் உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

மூலைகள் எப்படி இருக்கவேண்டும் என்றும் மென்பொருள் கேட்கும். கூர்மூலை, உருண்டை மூலை, சீவிய மூலை என மூன்று வகை. கூர்மூலை கொடுத்தால் முனைகளில் இடைவெளி கூடிவிடும். 60 டிகிரி முனையில் 2 மி.மீ. கேட்டால் 4 மி.மீ. தள்ளி நிற்கும், விளக்குச் சுடர்போல் 30 டிகிரி முனையாக இருந்தால் ஏறக்குறைய 7.7 மி.மீ. நீண்டுவிடும். அப்படி நீட்டிய முனைதான் ஒட்டிய பிறகு முதலில் உரியத் தொடங்கும். என் அபிப்பிராயத்தில் ஸ்டிக்கருக்கு உருண்டை மூலையே போதுமானது.

தமிழ் எழுத்துக்களில் கூடுதல் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்பது. 2 மி.மீ. இடைவெளி விடும்போது, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இரண்டின் கோடுகளும் சேர்ந்து ஒரே துண்டாகிவிடும். அதற்கு மேல் இருந்தால் புள்ளி தனித்துண்டாக வெட்டுப்பட்டு விழுந்துவிடும். கடைப் பெயர்ப்பலகைக்கு எழுத்தின் பின்னால் வண்ணக் கரை கொடுக்கும்போதும் இதே கணக்குத்தான். அங்கே எழுத்துக்களின் உள்துளைகளையும் பார்க்க வேண்டும். 3 மி.மீ. துளையில் இரு புறமும் 2 மி.மீ. கரை வந்தால் துளையே மூடிப்போகும்.

சிலர் கான்டூர் போடாமல் உருவத்தின் கோட்டையே தடிமனாக்கி விடுகிறார்கள். கோட்டின் தடிமன் பாதி உள்ளே, பாதி வெளியே போகும் என்பதால் 2 மி.மீ. கோடு வெளியில் 1 மி.மீ.தான் தரும். படத்தோடு சேர்ந்து கோடும் சுருங்கும்படி அமைக்காவிட்டால், ஒரு கிலோ பாக்கெட்டுக்குச் செய்ததை 100 கிராமுக்குச் சிறிதாக்கும்போது கோடு மட்டும் பழைய தடிமனில் நின்று படத்தையே விழுங்கிவிடும். கான்டூர் போட்ட படத்தைச் சிறிதாக்கினாலும் ஒரு தொந்தரவு உண்டு, 60 மி.மீ. விளக்கை 30 ஆக்கினால் 2 மி.மீ. இடைவெளியும் 1 ஆகிவிடும். டையின் நகர்வோ குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு பாக்கெட் அளவுக்கும் கோட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

பார்கோடுக்கு மட்டும் இந்தச் சம இடைவெளி பொருந்தாது. 13 இலக்கப் பார்கோடில் இடப்பக்கம் 11 கோட்டளவும், வலப்பக்கம் 7 கோட்டளவும் வெற்றிடம் வேண்டும். வழக்கமான 0.33 மி.மீ. கோட்டளவில் இது 3.63, 2.31 மி.மீ. ஆகும். சுற்றிலும் 2 மி.மீ. போதும் என்று டிசைனர் நெருக்கிவிட்டால் பில் போடும் இடத்தில் ஸ்கேனர் படிக்காமல் நிற்கும்.

டைக்கு ஆர்டர் கொடுக்குமுன் உண்மையான அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, வெட்டும் கோட்டை எடுப்பான நிறத்தில் போடச் சொல்லி, அளவுகோல் வைத்து மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். தண்டு, சுடர் முனை, எழுத்துப் புள்ளி ஆகிய இடங்களை முதலில் பார்க்கவும். பைலை அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துக்களைக் கர்வாக மாற்றச் சொல்லவும். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் மார்க் பெயருக்குப் பதில் வேறு ஏதோ அச்சாகி வந்து சேரும்.