சின்ன வண்டிக்குள் பெரிய எஞ்சின்

அப்பா ஓட்டிய மாருதி 800 வீட்டில் சும்மா நிற்கிறது. அதற்குள் பழைய ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கி வைத்தால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் நிறையப் பேர். இயந்திரத்தின் மேல் பிரியம் உள்ளவருக்குத்தான் இந்த ஆசையே வரும், ஆகவே அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். வைக்க முடியும், வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினை உட்கார வைப்பது மொத்த வேலையில் ஒரு பங்குதான். மீதிப் பங்கு என்னவென்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 800-இல் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். பிற்காலத்து எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்ஷன்) மாடலில் அது 37 குதிரைத்திறனும் 59 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. வண்டியின் எடை சுமார் 650 கிலோ. 2005-இல் வந்த ஸ்விஃப்ட்டில் இருந்தது நான்கு சிலிண்டர், 1298 சிசி எஞ்சின். எஸ்டீமிலும் ஜிப்சியிலும் ஓடிய அதே குடும்பம். 87 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்ட் ஏறக்குறைய ஒரு டன் எடை. அந்த எஞ்சின் 700 கிலோ வண்டிக்குள் வந்தால், சொந்த வீட்டில் ஓடியதைவிட வேகமாக ஓடும். ஆசைக்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆபத்துக்கும் இதே கணக்குதான் காரணம்.

கிணற்றில் மூன்று எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரை எச்.பி. மாட்டுகிற விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். ஸ்டார்ட்டர், கேபிள், குழாய், மோட்டார் உட்காரும் மேடை எல்லாவற்றையும் அவர் சேர்த்தே மாற்றுவார். காரிலும் சக்தி பிறக்கும் இடத்திலிருந்து டயர் தரையைத் தொடும் இடம் வரை ஒவ்வொரு பாகமும் பழைய சக்திக்கு அளவெடுத்துச் செய்தது.

கிளட்ச்சும் கியர் பெட்டியும் முதலில். 800-இன் கியர் பெட்டி 59 நியூட்டன் மீட்டருக்காகப் பிறந்தது. அதன் பற்கள் இரட்டிப்பு டார்க்கைச் சில காலம் பொறுத்துக்கொள்ளலாம். நம்பி ஓட்ட முடியாது. ஆகவே எஞ்சினோடு அதன் கியர் பெட்டியையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். உடனே அடுத்த சிக்கல்: ஆக்சிலின் உள்முனை ஸ்விஃப்ட் பெட்டிக்குள் போக வேண்டும், வெளிமுனை 800-இன் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே சரியான நீளத்தில் புது ஆக்சில் செய்யவேண்டும். நீளம் சில மில்லிமீட்டர் தவறினாலும் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஜாயின்ட் முட்டும், அல்லது கழன்றுவிடும். இடது, வலது ஆக்சில்களின் நீளமும் சாய்வும் அதிகம் வேறுபட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும்.

இடம் அடுத்த பிரச்சினை. இந்த எஞ்சின்கள் குறுக்குவாட்டில் உட்காருபவை. நாலாவது சிலிண்டர் சேர்ந்தால் எஞ்சின் அகலம் கூடும். முன்சக்கர வளைவுகளுக்கு நடுவே அதற்கு இடம் தேட வேண்டும். பட்டறையில் இந்த இடத்தில்தான் கட்டிங் மெஷினைக் கையில் எடுப்பார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். 800-க்குத் தனிச் சட்டகம் கிடையாது; மெல்லிய தகடுகளைப் புள்ளிப் புள்ளியாக வெல்டு செய்த பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டினால் முன்பக்க உறுதியே போய்விடும். பேட்டரி தட்டின் அடியிலும் மிதியடிக்குக் கீழும் துரு பிடித்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் புது மவுண்டிங்கை வெல்டு செய்தால் அந்த மவுண்டிங் நிலைக்காது.

சக்கர அளவில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. 800-இன் 145/70 ஆர்12 டயர் சுமார் 508 மில்லிமீட்டர் உயரம். ஸ்விஃப்ட்டின் 165/80 ஆர்14 டயர் சுமார் 620. ஸ்விஃப்ட் கியர் பெட்டி பெரிய டயரை நினைத்துச் செய்தது. அதைச் சின்ன டயரோடு சேர்த்தால், அதே சாலை வேகத்துக்கு எஞ்சின் சுமார் 22 சதவீதம் அதிகமாகச் சுழலும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் பெட்ரோல் செலவும் ஏறும். கியர் பெட்டியிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

பெட்ரோல் வரும் வழியையும் மாற்ற வேண்டும். கார்பரேட்டர் 800-இல் மெக்கானிக்கல் பம்ப் மெதுவாகத் தள்ளினால் போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தேவை. இருபது வருடப் பழைய ரப்பர் குழாயில் அந்த அழுத்தத்தை விட்டால், அது பிளந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். குழாய், பம்ப், டேங்க் மூன்றையும் இன்ஜெக்ஷனுக்குத் தக்கபடி மாற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது. ரேடியேட்டரும் அப்படித்தான்: எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. 37 குதிரைத்திறனுக்குச் செய்த ரேடியேட்டர் அந்தச் சூட்டைத் தாங்காமல் கொதித்துவிடக்கூடும்.

அப்புறம் வயரிங். புதுக்கால எஞ்சின் தனியாக வராது. ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி, சென்சார்கள், முழு வயரிங் தொகுப்பு எல்லாம் சேர்ந்ததுதான் எஞ்சின். சாவியில் உள்ள இம்மொபிலைசர் குறியீட்டை ஈசியூ அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்குகிறவர்கள் எஞ்சின் ஒரு கடை, ஈசியூ இன்னொரு கடை என்று சேர்க்காமல், ஒரே வண்டியிலிருந்து அத்தனையும் எடுக்க வேண்டும். வயரை நடுவில் வெட்டி எடுத்திருந்தால் வாங்காதீர்கள்.

இவ்வளவும் ஓடுவதற்கான வேலை. நிற்பதற்கான வேலைதான் முக்கியம். வண்டியின் வேகம் 80-இலிருந்து 120 ஆனால், அதாவது ஒன்றரை மடங்கானால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். 800-இன் பிரேக் அந்தச் சூட்டுக்குப் பழகியதல்ல. தவிர, முன்பக்கம் பாரம் கூடியதால் வண்டி வளைவில் நேராகப் போகவே பார்க்கும்.

சின்ன வண்டியை வேகப்படுத்துவதில் மிகப் புகழ்பெற்ற முன்மாதிரி பிரிட்டனின் மினி. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த அந்த வண்டியில் 848 சிசி, 34 குதிரைத்திறன் எஞ்சின். பந்தயக் கார் கட்டிய ஜான் கூப்பரின் யோசனையில் 1961-இல் 997 சிசி, 55 குதிரைத்திறனோடு மினி கூப்பர் பிறந்தபோது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்தது. சக்தியைக் கூட்டிய அதே நாளில் பிரேக்கையும் கூட்டினார்கள். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது அதன் எஸ் வகை. இன்று அந்த மினிக்குள் ஹோண்டா எஞ்சின் வைப்பவர்கள் முன்பக்கத் துணைச் சட்டகத்தையே புதிதாகச் செய்து மாட்டுகிறார்கள். அந்த நாட்டுப் பதிவு விதியில் 2025 வரை இதற்குப் புள்ளிக் கணக்கு இருந்தது: மாற்றாத பாடிக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆக்சில், கியர் பெட்டிக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. எட்டு புள்ளி தேறினால் பழைய பதிவெண் நிலைத்தது. எஞ்சினுக்கு எவ்வளவு குறைந்த மதிப்பு என்று பாருங்கள்.

நம் நாட்டில் அந்த வழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் வகையை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கே விலக்கு. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நாளை ஒரு விபத்து நடந்து, ஆர்.சி.யில் 796 சிசி என்றும் பானெட்டுக்குள் 1298 சிசி என்றும் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக்கூடும். அடிபட்டவர் குடும்பத்துக்கு அப்போது என்ன பதில் சொல்வோம்?

பந்தயத் தடம் வேறு உலகம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் போட்டி விதிகளுக்கு உட்பட்டுக் கட்டிய வண்டிகள் ஓடுகின்றன. அந்தக் கோவைத் தடம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த எஸ். கரிவரதன் 800-ஐ வைத்து வேறொரு வழி காட்டினார். அவர் பெரிய எஞ்சினைத் தேடவில்லை. 800-இன் அதே சின்ன எஞ்சினை இலேசான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில்தான் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் பழகி மேலே வந்தார்கள். எடையைக் குறைத்தாலும் வேகம் கூடும், பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் குறையும்.

ஆகவே என் தீர்ப்பு இது. அப்பாவின் 800 சாலையில் ஓடவேண்டிய வண்டி என்றால், அதன் எஞ்சினையே நன்றாகப் பிரித்துச் சரிசெய்யுங்கள். புது பிரேக் குழாய், புது ஷாக் அப்சார்பர், நல்ல டயர் போடுங்கள். பெரிய எஞ்சின் வைத்தே தீர வேண்டும் என்றால், ஆர்.சி. ரத்தான ஒரு பழைய பாடியை வாங்கித் தடத்துக்கென்றே கட்டுங்கள். அதிலும் முதல் செலவு பிரேக்குக்கு, அடுத்தது பாடிக்கு, எஞ்சின் வாங்கும் பணத்தைக் கடைசியில் எடுங்கள். இந்த வரிசைக்குப் பணம் போதவில்லையென்றால், போதும் வரை காத்திருங்கள்.