வரவேற்புப் பலகை நட ஆல்பனிவரை போவது ஏன்?

நியூயார்க் மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூன் மாதத்தில் முடிந்துவிடும். பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குக் கேட்கும் நகராட்சிகள் அதற்குள் மசோதாவை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். இந்த நெருக்கடியில் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே குழப்பம்தான்: பூங்காவும் நகராட்சியுடையது, ‘எங்கள் நகருக்கு நல்வரவு’ என்ற பலகையும் நகராட்சியுடையது, பிறகு பூங்காவில் பலகை நட யாரிடம் அனுமதி?

பத்திரம் நகராட்சியின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கோயில் நிலத்துக்கு அறங்காவலர் எப்படியோ, பூங்காவாக அர்ப்பணிக்கப்பட்ட நிலத்துக்கு நகராட்சி அப்படி என்பதே அம்மாநில நீதிமன்றங்களின் நெடுநாள் நிலைப்பாடு. பூங்காவுக்குச் சம்பந்தமில்லாத பயனுக்கு அதைக் கொடுக்க ஆல்பனியில் கூடும் சட்டமன்றம் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும்.

‘சின்னப் பலகைதானே’ என்பது அதிகாரிகளின் வாதம். இதைவிடப் பெரிய சமாதானத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை. பிராங்ஸ் பகுதியின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆலை கட்ட முனைந்த நியூயார்க் நகரம், ஆலை மண்ணுக்கடியில்தான் இருக்கும், மேற்பரப்பு மறுபடி பூங்காவாகிவிடும் என்றது. சட்டமன்ற ஒப்புதல் இன்றி முடியாது என்று 2001-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. ஒப்புதல் 2003-இல் கிடைத்தது. அதற்கு நகரம் கொடுத்த விலை, பிராங்ஸ் பூங்காக்களுக்கு 20 கோடி டாலருக்கு மேல்.

பலகை விஷயத்தில் கேட்கவேண்டியது அது யாருக்காக என்பதுதான். பூங்காவின் பெயரையும் நேரத்தையும் சொல்லும் பலகை பூங்காவின் அங்கம். நெடுஞ்சாலையில் போகும் கார்க்காரருக்கு நகரின் பெருமை பேசும் பலகை நகராட்சியின் விளம்பரம்; ஒப்புதல் தேவைப்படுவது இதற்குத்தான்.

சட்டமன்ற ஒப்புதலுக்கு மேலும் ஒரு பூட்டு உண்டு; புத்திசாலித்தனமான பூட்டு. கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்திலிருந்து பூங்காக்களுக்குப் பணம் தரும் ‘நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதி’ 1965 முதல் நடைமுறையில் உள்ளது. செலவில் பாதிவரை வாஷிங்டன் தரும். பதிலுக்கு, அந்தப் பூங்கா என்றென்றைக்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே இருக்க வேண்டும். பணம் டென்னிஸ் ஆடுகளத்துக்கு மட்டும் வாங்கியிருந்தாலும் கட்டுப்பாடு பெரும்பாலும் வரைபடத்திலுள்ள பூங்கா முழுவதையும் பிடிக்கும். பணத்தைத் திருப்பிக் கட்டித் தப்பவும் முடியாது. நிலத்துக்கு நிலம்தான்: குறையாத சந்தை மதிப்பும் ஏறக்குறைய அதே பயனும் உள்ள மாற்று நிலம் தர வேண்டும், தேசியப் பூங்காச் சேவை அதை ஏற்க வேண்டும்.

கவலை இங்கேதான். ‘பூங்கா போகவில்லை, இடம் மாறுகிறது’ என்று அதிகாரிகள் சொல்வது எவ்வளவு உண்மை என்பதை பிராங்ஸில் யாங்கீ ஸ்டேடியம் என்ற பேஸ்பால் அரங்கத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அனுபவித்தார்கள். 2005 ஜூனில், புதிய அரங்கத் திட்டம் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, கூட்டத்தொடரின் கடைசி அவசரத்தில் சட்டமன்றம் பூங்கா நிலத்தைக் கொடுத்துவிட்டது. அந்நிதி பெற்றிருந்த மேகோம்ப்ஸ் டேம் பூங்காவில் 2006-இல் வேலை தொடங்கியது. முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டன. அரங்கம் 2009-இல் திறந்தது. பழைய அரங்கம் நின்ற இடத்தில் வாக்களித்த ஹெரிட்டேஜ் ஃபீல்ட் மைதானம் 2012-இல்தான் வந்தது. இழப்புக்கு ஈடான மற்றத் துண்டுகளில் ஒன்று வாகன நிறுத்தக் கட்டடத்தின் கூரைமேல் அமைந்தது. தாளில் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் 2006-இல் பத்து வயதில் அங்கே பந்து விளையாடிய பிள்ளைக்கு மைதானம் திரும்பியபோது பதினாறு வயது. மதிப்பீட்டாளரின் கணக்கில் இந்த ஆறு ஆண்டுகளுக்குப் பத்தி கிடையாது.

பூங்கா நிலத்துக்கு இதே அனுமதி மாசசூசெட்ஸில் எப்படி? 1972-இல் வந்த அரசமைப்பின் 97-ஆம் திருத்தப்படி, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.

டெக்சாஸில்? நகரமன்றமே தீர்மானிக்கலாம், ஆனால் பொது விசாரணை நடத்தி, வேறு தக்க வழியில்லை என்று கண்டறிய வேண்டும்.

பலகையைப் பூங்கா எல்லைக்கு வெளியே நட்டால்? இந்தச் சிக்கல் இல்லை. சாலைத் துறையின் அனுமதி வேறு விஷயம்.

நம் பூங்கா ‘நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதி’யை வாங்கியதா? மாநிலப் பூங்காத் துறையிடம் எல்லை வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்ப்பை எங்கே சொல்வது? மசோதாவைக் கேட்டு நகரமன்றம் முதலில் தீர்மானம் போட வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.