வைப்பு ரசீதில் ஒரு வரி

வங்கியில் ஒரு தொகையைக் கெடு வைத்துப் போடுகிறோம். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று கெடு இருக்கும். இதற்கு நிரந்தர வைப்பு என்று பெயர். பிக்சட் டெபாசிட் என்றும் சொல்வார்கள். வங்கி ஒரு ரசீது தருகிறது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பணம் போட்டவர் இடையில் இறந்துவிட்டால் என்ன ஆகும்?

பணம் எங்கும் போய்விடாது. அது வங்கிக்குச் சொந்தமாகிவிடாது. இறந்த நாளோடு வட்டியும் நின்றுவிடாது. கெடு முடியும்வரை குடும்பத்தார் காத்திருக்கவும் வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். அதற்காக வங்கி அபராதம் பிடிக்கக் கூடாது. பணம் வங்கியில் இருந்த காலத்துக்கு உரிய வட்டி கிடைக்கும்.

சரி, பணத்தை யார் கையில் கொடுப்பார்கள்?

இதற்காக வங்கியில் ஒரு படிவம் இருக்கிறது. 'எனக்குப் பிறகு இந்தப் பணத்தை இன்னாரிடம் கொடுங்கள்' என்று அதில் எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் குறிக்கப்பட்டவர் நியமனதாரர். பேச்சு வழக்கில் நாமினி. படிவத்தைக் கொடுத்த பிறகு ரசீதில் 'நியமனம் பதிவு செய்யப்பட்டது' என்று இருக்க வேண்டும். பல ரசீதுகளில் இது ஆங்கிலத்தில் இருக்கும். அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வங்கி ஊழியரிடம் காட்டிக் கேட்கலாம். பணம் போட்ட அன்று மறந்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு எப்போது வேண்டுமானாலும் நியமிக்கலாம்.

நாமினி பெயர் இருந்தால் வேலை எளிது. வங்கி தரும் விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, இவ்வளவுதான் முக்கியம். எல்லாத் தாள்களும் கிடைத்த 15 நாளில் வங்கி பணத்தைக் கொடுக்க வேண்டும். வங்கியால் தாமதம் ஆனால், தாமதத்துக்கும் சேர்த்து வட்டி தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஆணையில் இது இருக்கிறது.

இறப்புச் சான்றிதழில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவு வராது. பிறகு பதிவு செய்வதென்றால் அலைச்சல்.

நாமினி பெயர் இல்லாவிட்டால்? "அம்மா, ரசீதில் நாமினி பெயரே இல்லையே" என்று வங்கியில் சொல்வார்கள். கேட்டதும் மனம் இடிந்துபோகும். பணம் கிடைக்காது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அது தவறு. நாமினி இல்லாவிட்டாலும் வாரிசுகளுக்குப் பணம் உண்டு. வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அல்லது ஒருவர் வாங்கிக்கொள்ள மற்றவர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். தகராறு ஏதும் இல்லை, உயிலும் இல்லை என்றால், 15 லட்சம் ரூபாய் வரை நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லக் கூடாது. கூட்டுறவு வங்கியில் இந்த வரம்பு 5 லட்சம்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் பணம் போடலாம். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று எழுதிப் போட்டிருந்தால், ஒருவர் இறந்த பின் மற்றவரிடம் வங்கி பணத்தைக் கொடுக்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. நாமினி என்றால் சொந்தக்காரர் அல்ல. பணத்தை வாங்கும் உரிமைதான் அவருக்கு. அதை வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. 2010இல் உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஒருவர் கல்யாணத்துக்கு முன்பு ஒரு லட்சம் ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பியை நாமினியாகப் போடுகிறார். பிறகு கல்யாணம் ஆகிறது. ஒரு மகன், ஒரு மகள். நாமினியை மாற்ற மறந்துவிடுகிறார். திடீரென்று இறந்துபோகிறார். வங்கி தம்பியிடம்தான் பணத்தைக் கொடுக்கும். அது வங்கியின் குற்றம் அல்ல. "அண்ணன் என் பெயரைத்தானே எழுதினார்" என்று தம்பி அதை வைத்துக்கொள்ள முடியாது. உயில் இல்லையென்றால், இந்துக் குடும்பத்தில் அந்தப் பணம் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். நால்வரும் இருந்தால் ஆளுக்கு 25,000 ரூபாய், வட்டி தனி. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டாலும் பங்கு உண்டு. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. தம்பி தர மறுத்தால் நீதிமன்றம் போகலாம். ஆனால் பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அது லேசான காரியமா? உயிரோடு இருக்கும்போதே ஒரு படிவம் கொடுத்து நாமினியை மாற்றியிருக்கலாம்.

2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். சிறு குழந்தையையும் நியமிக்கலாம். குழந்தைக்காகப் பணத்தை வாங்கிக்கொள்ளும் பெரியவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

படிவத்தில் கைநாட்டு வைத்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்துப் போட்டால் சாட்சி தேவையில்லை.

ரசீது இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போவதும் உண்டு. 10 ஆண்டுகள் யாரும் கேட்காத பணத்தை வங்கி, ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு அனுப்பிவிடும. அதன் பிறகும் வாரிசுகள் கேட்கலாம். 2023இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இறந்தவரின் பெயரோடு வேறு ஓர் அடையாள விவரமும் கொடுத்தால், அதில் சேர்ந்துள்ள வங்கிகளில் பணம் கிடக்கிறதா என்று காட்டும். பணத்தை அங்கே வாங்க முடியாது. அந்தந்த வங்கியில்தான் போய்க் கேட்க வேண்டும்.