வாசலில் நங்கூரம், அடுப்பில் தேங்காய்ப்பால்!

கியூபா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சுருட்டு, காஸ்ட்ரோவின் தாடி, சே குவேரா படம் போட்ட பனியன். பாரகோவா யாருக்கும் ஞாபகம் வராது, பாவம். தீவின் கிழக்குக் கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ஊர். 1511-இல் ஸ்பானியர்கள் கியூபாவில் முதன்முதலாகக் குடியேறியது இங்கேதான். அத்தனை சீனியாரிட்டி இருந்தும், 1960-களில் 'லா ஃபரோலா' என்ற மலைச்சாலை போடுகிற வரை, படகை விட்டால் ஊருக்குள் வர ஒழுங்கான வழி கிடையாது!

இந்த ஊரில் ஹோட்டல்களும் உண்டு. அதை விடுங்கள். தெருவில் நடந்தால் சில வீட்டு வாசல்களில் நீல நிறத்தில், நங்கூரம் மாதிரி ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். 'காசா பர்ட்டிகுலர்' என்று பெயர். தனியார் வீடு என்று அர்த்தம். உள்ளே ஓர் அறை வெளிநாட்டு விருந்தாளிக்கு. மிச்ச வீட்டில் தாத்தா, பாட்டி, மகள், பேரன், ஒரு நாய், இரண்டு ஆடும் நாற்காலி.

சோவியத் யூனியன் 1991-இல் கடையைக் கட்டியதும் கியூபாவின் பாடு திண்டாட்டமானது. சோறில்லை, பெட்ரோல் இல்லை, டாலர் இல்லை. தனியார் வியாபாரம் என்றாலே முகத்தைச் சுளித்த அரசாங்கம், 1997-இல் 'சரி, வீட்டில் அறை வாடகைக்கு விட்டுக்கொள்' என்று சட்டம் போட்டது. சும்மா விடுமா? அறைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வரி. ஆள் வந்தாலும் கட்டணும், வராவிட்டாலும் கட்டணும்! வருஷக் கடைசியில் வருமானத்துக்கு வரி தனி. பி.காம். முதல் வருஷத்தில் 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. அந்த ஊர் வீட்டுக்காரம்மாவுக்கு அதனாலேயே தூக்கம் வராது.

இருந்தும் ஏன் செய்தார்கள்? ஒரு சின்னக் கணக்கு. 2010-இல் அங்கே சராசரி அரசாங்கச் சம்பளம் மாதம் சுமார் 450 பெசோ. ஒரு டாலருக்குச் சமமான நோட்டு வாங்க 24 பெசோ. வகுத்துப் பாருங்கள், பத்தொன்பது டாலர்கூட வராது. அறையின் ஒரு ராத்திரி வாடகையோ இருபதுக்கு முன்னே பின்னே! டாக்டர்களும் வாத்தியார்களும் வேலையை விட்டுவிட்டு விருந்தாளிக்கு முட்டை பொரித்தார்கள் என்றால் ஆச்சரியம் என்ன?

போய் இறங்கியதும் முதல் வேலை, பாஸ்போர்ட்டைக் கொடுப்பது. வீட்டுக்காரர் பெரிய நோட்டில் எல்லா விவரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மறந்தால் அபராதம். அது முடிந்த நிமிஷமே நீங்கள் 'மி அமோர்' ஆகிவிடுவீர்கள். 'என் அன்பே' என்று பொருள்! அறுபது வயசு அம்மாள் அப்படிக் கூப்பிட்டால் திடுக்கிட வேண்டாம். நம்ம ஊர் காய்கறிக்காரம்மா 'ராசா' என்பாரே, அந்தக் கணக்குதான்.

சாப்பாட்டில்தான் பாரகோவா மற்ற கியூபாவைத் தோற்கடிக்கிறது. அங்கே மற்ற ஊர்களில் பெரும்பாலும் சோறு, பீன்ஸ், பன்றி, திரும்பவும் சோறு. இங்கே தேங்காய்ப்பாலில் மீன்! 'லெச்சிட்டா' என்கிறார்கள். வாழைக்காயை அரைத்து, நண்டுச் சதை வைத்து, இலையில் மடித்து வேகவைத்தால் 'பக்கான்'. தேங்காய்த் துருவலையும் சர்க்கரையையும் பழத்தையும் கிளறி, பனையோலைக் கூம்பில் அடைத்தால் 'குகுருச்சோ'. கொக்கோவும் சுற்றுவட்டாரத்திலேயே விளைகிறது. (சைவர்கள் ஜாக்கிரதை. வெறும் பீன்ஸ்தானே என்று நம்பிக் கை வைத்தால் உள்ளே பன்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கும்.)

இன்னொரு ஜாக்கிரதை. பஸ் நிறுத்தத்தில் ஒருத்தர் ஓடி வருவார். 'நீங்கள் சொல்லும் வீடு மூடிக் கிடக்கிறது, வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில்' என்பார். அந்தம்மா குத்துக்கல் மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பார்! அந்த ஆசாமி கூட்டிப்போகும் வீட்டில் ராத்திரிக்கு இவ்வளவு என்று கமிஷன். அது உங்கள் பில்லில்தான் ஏறும்.

2016 அக்டோபர் 4-ஆம் தேதி 'மாத்யூ' புயல் இந்தக் கோடியைத்தான் தாக்கியது. ஏராளமான வீடுகளின் கூரை போயிற்று. ஆனால் கியூபாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், முன்கூட்டியே ஜனங்களை நகர்த்திவிட்டார்கள். எங்கே? முகாம்களுக்கு மட்டுமல்ல. பெரும்பாலோர் போனது கெட்டிக் கூரை போட்ட சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் வீடுகளுக்கு. வாடகை இல்லை, நோட்டில் கையெழுத்தும் இல்லை. விருந்தோம்பலை அந்த ஊர்க்காரர்கள் டூரிஸ்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கட்சி.

இப்போது நிலைமை மோசம். 2018-இல் கியூபாவுக்குச் சுமார் 47 லட்சம் பேர் வந்தார்கள். 2024-இல் சுமார் 22 லட்சம்தான். நீல நங்கூரம் அப்படியே இருக்கிறது, அறைதான் காலி. 2024 அக்டோபர் 18-இல் நாடு முழுக்க மின்சாரம் நின்றுபோனது. இரண்டே நாளில், அந்த இருட்டோடு இருட்டாக, 'ஆஸ்கர்' புயல் பாரகோவா பக்கம் கரையேறியது. இந்த முறை உயிர்ச்சேதம் உண்டு. விருந்தாளிக்காக வாங்கி வைத்த மீனும் கோழியும் கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

போகிறவர்கள் டார்ச் லைட், காய்ச்சல் மாத்திரை, சோப்பு எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துப் போங்கள். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். மருந்துக்கு அங்கே பெரும் தட்டுப்பாடு. ராத்திரிச் சாப்பாடும் வீட்டிலேயேதான் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரம்மாவுக்கு வாடகையோடு நாலு காசு சேரும். மீனுக்கும் தேங்காய்க்கும் ஆள் அனுப்ப நேரமும் வேண்டுமில்லையா?