ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு விசைகள்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் அலங்காரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பின்பக்கக் கேமரா என்று எதைக் கேட்டாலும் பொருத்தித் தருவார்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே விரலால் இழுத்துக் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டர். தங்கள் காரில் அது இல்லாத சிலர், வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, தாங்களே பொருத்தியும் விடுகிறார்கள்.

இதைப் பந்தயக் கார் மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மேற்கே மங்களூருக்குப் போனால் சிராடி மலைப்பாதை, தெற்கே சேலத்துக்குப் போனால் தொப்பூர் கணவாய். வேகம் எடுக்க எந்தக் காருக்கும் தெரியும். இறக்கத்தில் வேகத்தை அடக்குவதுதான் பெரிய காரியம். பேடிலின் உண்மையான பயன் அங்கேதான்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 24 மெகாஜூல். 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். டயரின் உருளலிலும் காற்றின் தடையிலும் ஒரு பங்கு கரைந்துபோகும். மிச்சத்தை யாராவது வாங்கியாக வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். அதைத் தாண்டிக் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இந்தச் சுமையில் ஒரு பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடலாம். கியர் பிணைந்திருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய கார்களில் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். இப்போது சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழி கிட்டத்தட்ட அடைபட்டிருப்பதால், பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். உள் உராய்வும் சேர்ந்துகொள்ளும். கியர் எவ்வளவு கீழோ, அதே வேகத்துக்கு எஞ்சின் அவ்வளவு அதிகமாகச் சுழலும், பிடிப்பும் அந்த அளவுக்குக் கூடும். தொப்பூரில் லாரிகள் கட்டுப்பாடு இழப்பதற்கு, டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவதும் ஒரு காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கவே எரிபொருள் வேண்டும். எரிபொருளை மின்னணு முறையில் அளந்து விடும் வண்டி எதுவானாலும், கியரில் இறங்கும்போதுதான் மிச்சம் கூடுதல். இதை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

ஆட்டோமேட்டிக் காரில் ஒரு சிக்கல் உண்டு. 'டி'யில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால், எரிபொருளை மிச்சப்படுத்த நினைக்கும் கியர் பெட்டி பெரும்பாலும் மேல் கியரை நோக்கியே போகும். இறக்கத்தைத் தானே உணர்ந்து கியரைக் குறைக்கும் கார்களும் உண்டுதான். ஆனால் அடுத்த கொண்டை ஊசி வளைவு கண்ணுக்குத் தெரிவது ஓட்டுநருக்கு. அவர் சொல்வதைக் கேட்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழி பிறந்தது பந்தயத் தடத்தில். ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 ஃபார்முலா ஒன் கார், 1989 மார்ச் 26 அன்று பிரேசிலில் முதல் முறையாகப் போட்டியில் இறங்கியது. ஓட்டுநரின் இருக்கைப் பகுதியை ஒடுக்கமாக்க கியர் தண்டையே எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்திருந்தார் பர்னார்ட். சோதனைகளில் ஓயாமல் பழுதான காரை ஓட்டிய நைஜல் மான்செல் முதல் பந்தயத்திலேயே வென்றார். நடுவில் ஸ்டீயரிங் தளர்ந்து, பிட்டுக்கு வந்து அதையே மாற்றிக்கொண்டு போனார். பேடிலைப் பொருத்த ஸ்டீயரிங்கைக் கழற்றுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைப்பது நல்லது.

பேடில் என்பது வெறும் விசைதான். அதற்கும் கியர் பெட்டிக்கும் இடையில் கம்பியோ நெம்புகோலோ கிடையாது. விரல் இழுத்தால் சின்னதாக ஒரு மின்தொடர்பு ஏற்படும். அது ஸ்டீயரிங் தண்டிலுள்ள மின்னணுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து 'கேன்' என்ற இரட்டை முறுக்குக் கம்பி வழியாக கியர் பெட்டியின் கணினியை அடையும். காருக்குள் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்ள இந்தக் கேன் முறையை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. கியர் கணினி கோரிக்கையை வாங்கி, எஞ்சின் வேகத்தைப் பார்த்த பிறகே முடிவெடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியர் கேட்டால் பெரும்பாலும் கொடுக்காது.

பொருத்தும் வேலையின் கடினம் காருக்குக் கார் மாறும். 2013-இல் இங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இரட்டை க்ளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி இருந்தது, பேடில் இல்லை. அதன் உரிமையாளர்கள் சிலர், பேடிலுக்கு ஏற்ற ஸ்டீயரிங் உறுப்புகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தி, காரின் கணினியோடு பேச உதவும் ஓபிடி பிளக் வழியாக 'கோடிங்' செய்து, காரின் கணினிக்குப் புதுவரவை அறிமுகப்படுத்தினார்கள். ஸ்டீயரிங் மின்னணுப் பெட்டிக்குப் பேடில் சமிக்ஞையைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லையென்றால் எந்தக் கோடிங்கும் உதவாது. பொருள் வாங்குமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வேலையின் மையத்தில் உட்கார்ந்திருப்பது ஏர்பேக். மோதலில் அது கண் இமைக்கும் நேரத்துக்குள், ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு அளவில், விரிந்துவிடும். உள்ளே இருப்பது தீப்பற்றும் வேதிப்பொருள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். உடனே ஏர்பேக்கைத் தொடக்கூடாது. மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் வேலை செய்வதற்காகக் கணினி கொஞ்சம் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு, பல கார்களில், ஸ்டீயரிங்கின் பின்புறத் துளைகளில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஸ்பிரிங்கை விலக்கினால் ஏர்பேக் முன்னால் எழும். அதன் இணைப்பான் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த முனைகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஆபத்து. கழற்றிய ஏர்பேக்கை, முகம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறது 'க்ளாக் ஸ்பிரிங்', சுருட்டி வைத்த மெல்லிய நாடாக் கம்பி. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் மின்தொடர்பு அறாமல் காப்பது இதுதான். முன்சக்கரங்கள் நேராக இல்லாதபோது ஸ்டீயரிங்கைக் கழற்றினாலோ, கழற்றியபின் க்ளாக் ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றிவிட்டாலோ அதன் நடு நிலை தப்பும். எல்லாம் பொருத்தி, முதல் முழுத் திருப்பத்தில் நாடா அறுந்துவிடக்கூடும். ஸ்டீயரிங் நட்டையோ போல்ட்டையோ தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால்தான் முறுக்க வேண்டும். கை அனுபவம் இங்கே அளவுகோல் ஆகாது. முடித்து இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் அந்தக் காரில் ஏர்பேக் இல்லை என்றே கொள்ளுங்கள், ஓட்டாதீர்கள். புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். அதைப் பேடிலுக்காக இழப்பது எந்தக் கணக்கிலும் சரியல்ல. வாரண்டி பாக்கியிருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

பேடில் பொருத்தாமலும் வழி உண்டு. கியர் தண்டில் '+', '−' குறி இருக்கும் காரில் பேடில் செய்யும் வேலையைத் தண்டே செய்யும். முன்னே தள்ளினால் கூடுமா குறையுமா என்பது காருக்குக் கார் வேறு, ஊருக்குள்ளேயே பழகிக்கொள்ளுங்கள். சில சிவிடி, பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் கீழ் கியரில் நிறுத்தும் 'எல்' அல்லது '2' இருக்கும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போது, கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். சரிவின் நடுவில் வேகம் ஏறிய பிறகு கேட்டால், கணினி மறுத்துவிடக்கூடும்.