மார்புக் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல



கோவை, ஈரோடு கிராமங்களில் சகோதரிகள் பலர் மார்பில் கட்டி கண்டால் புற்றுநோய் என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வடியும் கட்டி, நாட்பட்ட மார்பக அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் காசநோய். 1829-இல் ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் இதை விவரித்தார். காரணம் தெரியாத மற்றொரு வகை 1972-இல் விவரிக்கப்பட்டது.

கைக்கும் ஸ்கேனுக்கும் இவை புற்றுநோய் போலவே தோன்றலாம். ஊசியால் சிறு சதைத்துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோயா என்று தெரியும். மற்ற இரண்டிலும் 'கிரானுலோமா' என்னும் நுண்ணிய முடிச்சுகள் காணப்படும். ஆகவே காசநோய்க் கிருமிக்கும் சோதிப்பது அவசியம். காரணம் தெரியாத வகைக்குத் தரும் ஸ்டீராய்டை, காசநோய் என்று அறியாமல் கொடுத்தால் நோய் பரவிவிடும்.

காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்; பெரும்பாலும் ஆறு மாதங்களில் குணமாகும். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதை வாசித்துச் சொல்லுங்கள்.